நடவுக்கு முன்னால் ஒரு தடவை வந்து போ

அன்புள்ள தம்பிக்கு அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் சுகம். நீயும் மருமகளும் பாப்பாவும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் போட்டால் சுவிட்ச் ஆஃப் என்றே வருகிறது. ரிப்பேராக இருக்கும். அக்கா மகன் சனிக்கிழமை திருப்பூர் வருகிறான், அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே காப்பித்தூளும் மிளகும் இருக்கிறது. மிளகு நம் வீட்டுக் கொடியில் காய்த்தது, அப்பா வைத்த கொடி.

வேளாவேளைக்குச் சாப்பிடு. நைட் ஷிப்ட் முடிந்து வந்து வெறும் டீயைக் குடித்துவிட்டுப் படுக்காதே.

வால்பாறையில் குளிர் குறைந்துவிட்டது. சோலையில் வெடிப்பலா பூத்திருக்கிறது. சின்ன வயதில் அதன் முள்ளுக்காயை டவுசர் பையில் போட்டுக்கொண்டு வந்து தொடையெல்லாம் கீறிக்கொண்டாயே, அந்த மரம்தான். அதன் பூவை நீ பக்கத்தில் பார்த்திருக்க மாட்டாய். இலைக்கு நடுவில் பூக்காது, கிளைப் பட்டையிலேயே கொத்துக் கொத்தாக வரும். இதழே கிடையாது, குழல் மாதிரி தடித்த பூ. வேறு பழம் அதிகம் கிடைக்காத இந்த மாதங்களில் காட்டுக்கே அதுதான் சாப்பாடு. பகலில் சிங்கவால் குரங்கும் மலை அணிலும், ராத்திரி வௌவாலும் வந்து தின்றுவிட்டுப் போகும். சிங்கவால் குரங்கு பூவைப் பிடுங்கி, சதைப்பற்றான அடிப்பாகத்தை மட்டும் கடித்துவிட்டு மிச்சத்தைக் கீழே போடுகிறது. மரத்தடி முழுக்கப் பூ மெத்தை. இவ்வளவு தின்ற பிறகும் மரம் காய்க்கிறது.

இருவாச்சியும் கூடு அடைத்துவிட்டது. நாங்கள் தள்ளி நின்றுதான் பார்த்தோம், பக்கத்தில் போனால் ஆண் பறவை இரையோடு திரும்பிப் போய்விடும். பெண் மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்து, தன் எச்சத்தாலேயே வாசலைப் பூசி அடைத்துக்கொள்கிறது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு இடுக்கு மட்டும் விட்டிருக்கிறது. ஆண் வரும்போது இறக்கைச் சத்தம், எஸ்டேட் ஜீப் மேடேறுகிற மாதிரி, முன்னாலேயே கேட்டுவிடும். வந்து உட்கார்ந்து, தொண்டையிலிருந்து ஒவ்வொரு பழமாக மேலே கொண்டுவந்து, அலகு நுனியில் பிடித்து இடுக்கில் நீட்டுகிறது. அத்திப்பழம்தான் அதிகம். முட்டையிட்டு, குஞ்சு பொரித்து வளர்க்கிற மூன்று நான்கு மாதமும் உள்ளே இருப்பவர்களுக்கு அது கொண்டுவந்தால்தான் சோறு. அதற்கு வழியில் ஏதாவது ஆகிவிட்டால்... சரி, அதை விடு.

பாப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் ஃபீஸ் கட்டியாகிவிட்டதா?

நான் கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டு மழைக்காட்டு நாற்றுப் பண்ணைக்குப் போவது உனக்குத் தெரியும். இந்த வயதில் எதற்கு என்று போன பொங்கலுக்குக் கேட்டாய். (இந்தப் பொங்கலுக்குக் கேட்க நீ வரவே இல்லை.) அங்கே வந்த பிறகுதான் காட்டு விதையின் குணம் புரிந்தது. நெல் மாதிரி மூட்டை கட்டி வைத்து அடுத்த வருஷம் விதைக்க முடியாது. வெடிப்பலா, நாங்கு, பாலி, காட்டு ஜாதிக்காய் எல்லாம் பெரிய விதை, ஈரம் உள்ள விதை. ரோட்டோரம் விழுந்ததைப் பொறுக்கி வந்து சீக்கிரமே மண்ணில் போட்டுவிட வேண்டும். காய்ந்தால் உயிர் போய்விடும். சதையைக் கழுவி, விரலால் தடவிப் பார்த்தே எது சொத்தை, எது முளைக்கும் என்று சொல்லிவிடுவேன். என்னிடம்தான் கொண்டுவந்து காட்டுகிறார்கள்.

காட்டு ஜாதிக்காய் மாதிரி பெரிய விதையைச் சின்னக் குருவி விழுங்காது. தாய் மரத்தடியிலேயே விழுந்தால் அங்கேயே நெருக்கி முளைத்து, முக்கால்வாசி செத்துவிடும். தூரத்துக்குக் கொண்டுபோக இருவாச்சி மாதிரி வாய் அகன்ற பறவை வேண்டும். போன வருஷம் குஞ்சு பறந்துபோன பிறகு அந்தக் கூட்டு மரத்தடிக்குப் போனோம். எங்கெங்கோ இருக்கிற மரங்களின் கன்றெல்லாம் அங்கே ஒன்றாக முளைத்து நிற்கிறது. ஆண் கொண்டுவந்த பழத்தின் கொட்டையைத் தாய் இடுக்கு வழியாகக் கீழே தள்ளியதுதான் அத்தனையும்.

உனக்கு இதெல்லாம் பிடிக்கும். பத்தாவதில் அறிவியலில் பள்ளிக்கே முதல் மார்க் எடுத்தவன் நீ. பண்ணைக்கு வருகிற ஆராய்ச்சிப் பிள்ளைகளிடம் அதைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன். அவர்கள் சொல்வதை நீ பக்கத்தில் இருந்து கேட்டால் என்னைவிட நன்றாகப் புரிந்துகொள்வாய். தேயிலைக்கு மூட்டை மூட்டையாக உரம் போட்ட கை இது. காட்டுக்கு யாரும் ஒரு பிடி போட்டதில்லை, பிறகு எப்படி இப்படி வளர்கிறது என்று ஒரு நாள் கேட்டேன். சத்து மரத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம். இலை விழுந்தால் இந்த ஈரத்திலும் சூட்டிலும் பூஞ்சையும் கரையானும் சீக்கிரம் மக்கச் செய்துவிடும். மேல்மண்ணிலேயே பரவிக் கிடக்கிற வேர் அதை உடனே உறிஞ்சிக்கொள்ளும். மரத்தை வெட்டினால் அந்தச் சுற்று அறுந்துவிடும். அப்புறம் வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிற மழை மேல்மண்ணை ஆற்றுக்குக் கொண்டுபோய்விடும். 1890களில் இங்கே தோட்டம் போட வந்தவர்கள் அப்படித்தான் மலைமலையாக வெட்டினார்கள். வால்பாறை மேடு மொத்தம் சுமார் 220 சதுர கிலோமீட்டர். இப்போது தேயிலைக்கு நடுவில் துண்டு துண்டாக நிற்கிற சோலைகள்தான் மிச்சம். சிங்கவால் குரங்கு ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்குப் போக ரோட்டில் இறங்கி வண்டியில் அடிபடுகிறது. புதுத்தோட்டம் பக்கம் ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள், பார்த்திருப்பாய்.

நேற்று ஒருவர் போனில் உன் பெயரைச் சொல்லி, எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். முந்தின வாரமும் ஒருவர் கேட்டார். ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, தம்பி.

நாற்று நடுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அடர்ந்த சோலைக்குள் தரைக்கு வந்து சேருகிற வெளிச்சம் நூற்றில் ஒன்றோ இரண்டோ பங்குதான். அந்த இருட்டில் பாலியும் நாங்கும் முழங்கால் உயரத்தில் வருஷக்கணக்காக நிற்கும். செத்ததோ என்று பார்த்தால் பச்சையாகத்தான் இருக்கும். மேலே ஒரு பெரிய மரம் சாய்ந்து வெளிச்சம் விழுந்தால் கிடுகிடுவென்று வளரும். ஆனால் வெட்டவெளியில் கொண்டுபோய் வைத்தால் பெரும்பாலும் வெயிலில் கருகிவிடும். அங்கே வட்டக்கண்ணி மாதிரி வேகமாக வளர்கிற மரம் முதலில் வர வேண்டும். அதன் நிழலில்தான் மற்றது தேறும். அதனால் எந்த இடத்துக்கு எந்தக் கன்று என்று பார்த்துப் பார்த்து வைக்கிறோம். லாண்டனா முட்புதரை வெட்டிக் களை எடுக்க வேண்டும், நட்ட பிறகும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். நட்டவர்கள் கண்முன்னால் அது பழைய காடாகாது. அதற்காக நடாமல் இருக்க முடியுமா?

ஜூனில் மழை பிடித்ததும் நடவு. ஆள் போதவில்லை. இங்கே இருந்த இளசுகள் எல்லாம் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கிவிட்டார்கள், தோட்டத்தில் இப்போது அஸ்ஸாம், ஜார்கண்ட் பிள்ளைகள்தான். படித்த ஆள், கணக்கு எழுதத் தெரிந்த ஆள், மேடு ஏறக்கூடிய ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்று பண்ணையில் கேட்டார்கள். நான் யார் பெயரையும் சொல்லவில்லை. சம்பளம் பெரிதாக இருக்காது. வீட்டு வாடகை கிடையாது, நம் இரண்டு அறையும் இருக்கிறது. பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். உனக்கு அங்கே நல்ல வேலை இருக்கும்போது இதை ஏன் எழுதுகிறேன் என்று நினைக்காதே, சும்மா தகவலுக்குத்தான்.

வருவதானால் பகல் பஸ்ஸில் வா. பொள்ளாச்சியில் காலையிலேயே ஏறிவிடு. நாற்பது கொண்டை ஊசியையும் இருட்டில் ஏறாதே. ஊருக்குள் வந்த பிறகும் ரோட்டோரம் சிவப்பு விளக்கு எரிந்தால் பக்கத்தில் யானை நிற்கிறது என்று அர்த்தம், நடந்து வராதே, கடையிலேயே இரு, நான் ஆள் அனுப்புகிறேன். பாப்பாவைச் சாயங்காலம் வாசலில் தனியாக விடக்கூடாது, சிறுத்தை நடமாட்டம் இருக்கிறது. மருமகளிடமும் சொல்லிவை.

அவளிடம் இன்னொன்றும் சொல். அந்தக் கம்மலை மீட்டுவிட்டேன். டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. எப்போது, எப்படி என்று அவள் கேட்க வேண்டாம், நீயும் கேட்க வேண்டாம். உன் சித்தப்பா விஷயத்தில் நடந்த மாதிரி இந்த வீட்டில் இன்னொரு தடவை நடக்காது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

வேலை விஷயத்தில் யார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா மகன் கையில் பதில் கொடுத்தனுப்பு. எழுத நேரமில்லை என்றால் ஒரு மிஸ்டு கால் கொடு, போதும். பகலில் பண்ணையில் டவர் கிடைக்காது, ஆறு மணிக்கு மேல் அடி. எந்த நம்பரிலிருந்து வந்தாலும் எடுப்பேன்.

அன்புடன்,
அம்மா