பின்குரலிலிருந்து முன்னால் வந்த லூதர்

அன்புள்ள பானு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம், நான்தான் இந்த மாதம் முழுக்க அமெரிக்கப் பாடகர் லூதர் வான்ட்ராஸ் பைத்தியம் பிடித்து அலைகிறேன். கோரஸும், வேறொருவர் பாடப்போகும் பாட்டுக்கு மாதிரி பாடிக் கொடுக்கும் டிராக்குமாகவே காலம் ஓடிவிட்டது, இனிமேல் சொந்தப் பாட்டாவது ஒன்றாவது என்று எழுதியிருந்தாயே, அதனால் உன்னிடம் இதைக் கொட்டியே ஆக வேண்டும்.

1974இல் ராக் பாடகர் டேவிட் போவி பிலடெல்பியாவில் 'யங் அமெரிக்கன்ஸ்' ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தார். கிட்டார் வாசித்த கார்லோஸ் அலோமார் பழைய சிநேகிதர் என்பதால் லூதர் சும்மா வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறார். போன இடத்தில் வாய் சும்மா இருக்குமா? இந்த வரிக்குப் பின்னால் இப்படிப் பாடினால் எப்படி இருக்கும் என்று பக்கத்திலிருந்தவரிடம் பாடிக் காட்ட, அது போவி காதில் விழுந்து, கடைசியில் அந்த ஆல்பத்தின் பின்குரல்களையே இவர்தான் அமைத்தார். இவர் எழுதி வைத்திருந்த ஒரு பாட்டும் வரிகள் மாறி அதில் 'ஃபேசினேஷன்' ஆக வந்தது, இருவர் பெயரிலும்.

அப்புறம் ஷிக், பெட் மிட்லர், ராபர்ட்டா ஃபிளாக் என்று யார் யாருக்கோ பின்னால் நின்றார். நடுவில் 'லூதர்' என்ற பெயரிலேயே ஒரு குழு வைத்து 1976, 77இல் இரண்டு ஆல்பம் போட்டதும் எடுபடவில்லை. சோறு போட்டது விளம்பரப் பாட்டுதான். நமக்குக் கவரில் பணத்தை ஒரு தடவை கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். அங்கே யூனியன் ஒப்பந்தப்படி விளம்பரம் ஓட ஓடப் பாடியவருக்கும் பணம் வரும். அந்தப் பணத்தில்தான் லூதர் சொந்தச் செலவில் கம்பெனிகளுக்குப் போட்டுக் காட்ட டெமோ பதிவு போட்டார், எனக்குப் பிடித்த இடமே இதுதான். கம்பெனிகளுக்குக் குரல் வேண்டும், ஆனால் பாட்டை எப்படிச் செய்வது என்று அவர் முடிவெடுக்கக் கூடாது. மாட்டேன் என்று நின்றுவிட்டார். கையில் வாடகைக்குக் காசு இருந்தால்தானே பானு அப்படி நிற்க முடியும்? 1981இல் எபிக் என்ற இசைக் கம்பெனி ஒத்துக்கொண்டது, 'நெவர் டூ மச்' ஆல்பம் வந்தது, ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் புளூஸ்) பட்டியலில் முதலிடம்.

அதில் கடைசிப் பாட்டு 'எ ஹவுஸ் இஸ் நாட் எ ஹோம்', அதை ஹெட்போன் போட்டுக் கேள். டியோன் வார்விக் 1964இல் பாடியது, இவர் ஏழு நிமிஷத்துக்கு இழுத்திருக்கிறார். ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் எவ்வளவு சுத்தமாக முடிகிறது பார். கோரஸில் நாலு பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் ஒரு சொல்லை முடித்துப் பழகிய தொண்டை, தனியாகப் பாடும்போதும் அந்த ஒழுங்கை விடவில்லை. சோலோவிலேயே வளர்ந்தவர்கள் பலரிடம் இது கிடையாது, சண்டைக்கு வந்தாலும் சரி, இதைச் சொல்வேன்.

இன்னொன்று. லூதருக்குப் பின்னால் பாடிய லிசா ஃபிஷர் 1991இல் தனி ஆல்பம் போட்டு, அதிலிருந்த ஒரு பாட்டுக்கு கிராமியும் வாங்கினார். ஆனாலும் 2015 வரை ரோலிங் ஸ்டோன்ஸ் மேடையில் பின்குரலாகவே நின்றார். அது அவருக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். உனக்கு எது பிடிக்கிறது என்று நீதான் சொல்ல வேண்டும்.

வீட்டில் பாடி வைத்திருப்பதாகச் சொன்ன அந்த இரண்டு மெட்டையும் அனுப்புடி. மிக்ஸ் பண்ணவில்லை, ஃபேன் சத்தம் கேட்கும் என்றெல்லாம் சாக்கு வேண்டாம்.

அன்புடன்,
ராஜி