ஆண்டறிக்கை: பாலங்களும் ஊர் வைத்த பெயர்களும்

அவைக்கு வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. மழையால் ஒன்று மட்டும் தள்ளிப்போனது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் நேராக இந்த ஆண்டின் பெரிய வேலைக்கு வருகிறேன். சென்னைப் பாலங்களை மக்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதி வைத்தோம்.

சென்ற ஆண்டுப் பேரவையில் மூத்த உறுப்பினர் ஒருவர், "வாராவதிகிட்ட இறங்கி நடந்து வந்தேன்" என்றார். பக்கத்தில் இருந்த கல்லூரி மாணவிக்கு அது என்ன இடம் என்றே புரியவில்லை. பாலத்துக்கு இந்த ஊர் புழங்கிய சொல் அது. அன்றைக்கே நோட்டுப் புத்தகம் வாங்கினோம்.

முதலில் எழுதியது பக்கிங்காம் கால்வாய் மேலுள்ள ஹாமில்டன் பாலம். ஹாமில்டன் நம் ஊர் நாக்கில் 'அம்பட்டன்' ஆனது. பாலம் அம்பட்டன் வாராவதி ஆனது. பிறகு யாரோ அதை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்க்க, 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' என்று மூன்றாவது பெயரும் வந்தது. முடிதிருத்துபவருக்கும் அந்தப் பாலத்துக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. இப்போது அது அம்பேத்கர் பாலம். பழைய பெயரில் சாதிச் சொல் இருக்கிறதே, எழுதலாமா என்று செயற்குழுவில் நீண்ட நேரம் பேசினோம். பேச்சில் புழங்க வேண்டாம், வரலாறாக நோட்டில் இருக்கட்டும் என்று முடிவானது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

சைதாப்பேட்டையில் கதை தலைகீழ். அடையாற்றின் மேல் 1726இல் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் தன் செலவில் கட்டிய பாலத்துக்கு மார்மலாங் பாலம் என்று பெயர். நம் மாம்பலம்தான் வெள்ளைக்காரர் வாயில் மார்மலாங் ஆகியிருக்கிறது! அந்த இடத்தில் பின்னால் வந்த பாலத்துக்குத் தனித்தமிழ் கண்ட மறைமலை அடிகள் பெயர். பேச்சில் மட்டும் அது சைதாப்பேட்டைப் பாலம்தான்.

1973இல் திறந்த அண்ணா மேம்பாலத்தை எல்லோரும் 'ஜெமினி' என்கிறோம். எஸ்.எஸ். வாசனின் ஜெமினி சினிமா ஸ்டுடியோ அங்கே இல்லாமல் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அதைப் பார்த்தே இராத பிள்ளைகளும் ஆட்டோக்காரரிடம் ஜெமினி என்றுதான் சொல்கிறார்கள். அண்ணாவுக்கு இது மரியாதைக் குறைவு என்று ஓர் உறுப்பினர் வருந்தினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாலம் வருவதற்கு முன்பே ஊர் அந்த முனையை ஜெமினி என்று அறிந்திருந்தது. பாலம் அந்தப் பெயருக்குள் வந்து சேர்ந்தது.

அப்புறம் அடையாறு முகத்துவாரத்தில் 1967இல் கட்டி, 1977இல் ஒரு பகுதி இடிந்த பாலம். அதற்கு உடைந்த பாலம் என்பதே பெயர்.

குறை ஒன்று உண்டு. வடசென்னைக்கு நாம் போகவே இல்லை. பேசின் பிரிட்ஜ், யானைக்கவுனி என்று அங்கே நிறைய இருக்கிறது. பொறுப்பு என்னுடையது. பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு காலை யானைக்கவுனியில் நடை தொடங்குகிறோம். வீட்டில் பாட்டி, தாத்தா இருந்தால், அவர்கள் அந்தப் பாலங்களை எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள். நோட்டில் பாதிக்கு மேல் இன்னும் வெற்றுத் தாள்தான்.

செயலாளர்