வசந்தகாலப் பயணத்துக்குப் பல்கேரியா செல்லலாமே!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த ஐரோப்பிய வசந்தகாலச் சுற்றுலா பற்றிய கட்டுரையைப் படித்தேன். பாரிஸ், சுவிட்சர்லாந்து, ஆம்ஸ்டர்டாம் என்ற வழக்கமான வரிசையை விட்டு அது ஓரடியும் விலகவில்லை. அந்த ஊர்களின் அழகை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் உலகமே அங்குதான் திரள்கிறது. கூட்டம் மிகும் நாள்களில், இரவு தங்காமல் பார்த்துவிட்டுப் போக வருபவர்களிடம் வெனிஸ் நகராட்சி 2024 முதல் நுழைவுக் கட்டணம் வசூலிக்கிறது என்பதிலிருந்தே நெரிசலின் அளவை ஊகித்துக்கொள்ளலாம். வசந்தத்தைப் பார்ப்பதற்காகவே ஐரோப்பா செல்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது பல்கேரியாவை.

இதற்கு முதற்காரணம் விசா. சில ஆண்டுகளுக்கு முன்புவரை பல்கேரியா ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தும், ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்றுவர உதவும் ஷெங்கன் பகுதிக்கு வெளியே நின்றது. நம் முகவர்கள் அதைத் தங்கள் பட்டியலில் சேர்க்காததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். 2024 மார்ச் 31 அன்று வான்வழி, கடல்வழி எல்லைகளிலும், 2025 ஜனவரி 1 அன்று தரைவழி எல்லைகளிலும் சோதனை நீக்கப்பட்டு அந்நாடு முழுமையாக ஷெங்கனுக்குள் வந்துவிட்டது. 2026 ஜனவரி 1 முதல் அங்கு யூரோவே நாணயம் என்பதால், பணம் மாற்றும் தொல்லையும் குறைந்திருக்கிறது.

தலைநகர் சோபியாவில் இறங்குபவர்கள் நகரின் விளிம்பில் உள்ள போயானா தேவாலயத்தை மட்டுமாவது பார்த்துவிட வேண்டும். 1259ஆம் ஆண்டைச் சேர்ந்த அதன் சுவரோவியங்களில் உள்ள முகங்கள், அக்காலத்துக்குச் சற்றும் எதிர்பாராத உயிர்ப்புடன் இருக்கின்றன. ஆனால் அதிக நாள்களை ஒதுக்க வேண்டிய ஊர், அங்கிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பிளோவ்டிவ் என்பேன். மாசிடோனிய மன்னர் இரண்டாம் பிலிப்பின் பெயரால் பிலிப்போபோலிஸ் என்று அழைக்கப்பட்ட இந்த நகரில், 1970களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட ரோமானிய அரங்கில் இன்றும் ஓபரா நடக்கிறது. கடைத்தெருவின் அடியில் ரோமானியர் காலத்து விளையாட்டரங்கம் ஒன்று புதைந்து கிடக்க, அதன் வளைந்த முனை மட்டும் ஜுமாயா மசூதிக்கு எதிரே திறந்து காட்டப்பட்டிருக்கிறது. ஒரே இடத்தில் நின்று ரோமானியக் கல்லையும், ஒட்டோமான் கால மசூதியையும், நவீனக் கடைகளையும் பார்க்க முடிகிறது. பழைய நகரத்தின் கல்பாவிய ஏற்றத்தில், மேல்மாடி தெருவின் மேல் துருத்திக்கொண்டு நிற்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வண்ண வீடுகள் வரிசையாக உள்ளன. 2019இல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரங்களில் ஒன்றாக இந்நகர் விளங்கியதும் நம்மூரில் பெரிதாகப் பேசப்படவில்லை.

வசந்தம் என்ற காரணத்துக்காகவே செல்ல வேண்டிய இடம் கசான்லக்கைச் சுற்றிய ரோஜாப் பள்ளத்தாக்கு. வடக்கே பால்கன் மலைத்தொடர், தெற்கே ஸ்ரெட்னா கோரா மலைகள் என இரண்டுக்கும் இடைப்பட்ட இந்நிலத்தில் டமாஸ்கஸ் ரோஜா பயிராகிறது. நாம் பன்னீர் ரோஜா என்று சொல்லும் பூவுக்கு நெருங்கிய உறவு அது. மே மாதத்தின் நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை சில வாரங்கள்தான் அறுவடை. வெயில் ஏறினால் இதழிலுள்ள நறுமண எண்ணெய் ஆவியாகிவிடும் என்பதால், விடியற்காலையில் தொடங்கும் பறிப்பை முற்பகலுக்குள் முடித்துவிடுகிறார்கள். ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறக்குறைய 3,500 கிலோ இதழ்கள் தேவைப்படுகின்றன; அத்தர் விலையைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். அதே ஊரில் 1944இல் கண்டுபிடிக்கப்பட்ட, அப்பகுதியின் பண்டைய மக்களான திரேசியரின் கல்லறை யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது. ஓவியங்களைக் காப்பதற்காகப் பார்வையாளர்களுக்கு அருகிலேயே அச்சு அசலான ஒரு நகலைக் கட்டியிருக்கிறார்கள். இத்தகைய ஏற்பாடு நம் சித்தன்னவாசலுக்கும் வரக்கூடாதா என்ற எண்ணம் எழாமல் இல்லை.

பயண மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. மார்ச்சில் சென்றால் ரோஜா இருக்காது. ஆனால் மார்ச் 1 அன்று சிவப்பு, வெள்ளை நூல்களால் ஆன மார்தெனிட்சாவை ஒருவருக்கொருவர் அணிவித்து, பூத்த மரத்தையோ நாரையையோ காணும்வரை அதைக் கழற்றாமல் இருக்கும் வழக்கத்தைப் பார்க்கலாம். பல்கேரியர்கள் பெரும்பாலும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் என்பதால் அவர்களுடைய ஈஸ்டர் பல ஆண்டுகளில் தனித் தேதியில் வரும்; 2027இல் மேற்குலகின் ஈஸ்டர் மார்ச் 28 என்றால், அங்கே மே 2. அதற்கு முந்தைய நோன்பு வாரங்களில் இறைச்சி, முட்டை, பால் ஏதும் சேராத உணவு உணவகங்களில் எளிதாகக் கிடைப்பது நம் சைவர்களுக்கு அனுகூலம். மற்ற நாள்களிலும் பட்டினி கிடக்க நேராது: வெள்ளரித் தயிர்ப் பச்சடியை நீர்க்கக் கரைத்துப் பூண்டு சேர்த்ததைப் போன்ற தாரதோர் என்னும் குளிர்ந்த சூப்பும், வெள்ளைப் பாலாடைக்கட்டி தூவிய ஷோப்ஸ்கா சாலட்டும் எங்கும் உண்டு.

குறைகளையும் சொல்லிவிடுவதே நியாயம். சென்னையிலிருந்து சோபியாவுக்கு நேரடி விமானம் இல்லை. ரயில்கள் மெதுவானவை. மே, ஜூன் மாதங்களில் திடீர் இடிமழை பெய்யும் என்பதால் குடையில்லாமல் செல்வது உசிதமன்று. சிற்றூர்களின் பெயர்ப்பலகைகள் பல, ரஷ்ய மொழிக்கும் பயன்படும் சிரிலிக் எழுத்தில் மட்டுமே இருக்கும். அந்த எழுத்து உருவான நாடே அதுதான், மே 24 அன்று அதற்கென அரசு விடுமுறையே விடுகிறார்கள். பக்கவாட்டில் தலையசைத்தால் அங்கே 'ஆம்' என்று பொருள், மேலும் கீழும் அசைத்தால் 'இல்லை'. ஐரோப்பியரைக் குழப்பும் இவ்வழக்கத்தில் பாதி நமக்குப் பழகியதுதான்.

விண்ணப்பிப்போர் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். ஷெங்கன் விசாவை, அதிக நாள்கள் தங்கப்போகும் நாட்டின் தூதரகம் வழியாகவே கோர வேண்டும். எளிதில் கிடைக்கும் என்று வேறொரு நாட்டில் விண்ணப்பித்துவிட்டு முழுப் பயணத்தையும் பல்கேரியாவில் கழிப்பது முறையாகாது. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்க முடியும் என்பதால், ரோஜா அறுவடைக்குச் செல்ல எண்ணுபவர்கள் டிசம்பரிலேயே வேலையைத் தொடங்கிவிடலாம். அதற்கு வசதியாக, தங்கள் இணைப்பிதழ் இத்தகைய ஊர்களைப் பற்றிய கட்டுரைகளை மார்கழிக்கு முன்பாகவே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி