சனிக்கிழமை காலை எட்டு மணி யோகா

ஆசிரியருக்கு,

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் ஒரு பையனுக்கு நான்கு ஆண்டுகளாக வழிகாட்டித் தொண்டூழியராக இருக்கிறேன். எங்கள் குழுவின் உடல்நலத் திட்டத்துக்கு அவன் மூன்று வாரம் வரவில்லை. வருகைப் பதிவில் 'ஆர்வமில்லை' என்று எழுதிவிட்டார்கள். யோகா வகுப்பு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு. அம்மாவுக்கு இரவு ஷிப்ட். அவர் வரும்வரை தங்கைக்கு மைலோ கலக்கிக் கொடுத்துப் பார்த்துக்கொள்வது அவன்தான். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. முதல் வாரம் நானும்தான்.

அதே வகுப்பை மாலையில் புளோக்கின் கீழ்த்தளத்தில் வைத்தால் தங்கையையும் கூட்டி வருவான். மனநலப் பரிசோதனைக்கு, மனநலக் கழகம் இளையருக்கு நடத்தும் 'சாட்' சேவை இலவசம்தான். ஆனால் அது 16 முதல் 30 வயதினருக்கு. இவனுக்கு 14. இந்த வயதில் மனம்விட்டுப் பேசப் பழகிய ஒரு முகம் வேண்டும். அவன் நண்பர்களுக்கோ ஆண்டுக்கு ஒரு புது வழிகாட்டி. ஏற்பாட்டாளர்கள் முதலில் இந்த வழக்கத்தை மாற்றட்டும்.

ஒரு தொண்டூழியர், ஈசூன்