மாப்ளே, கியர்பாக்ஸை இப்போதே இறக்க வேண்டாம்

அன்புள்ள மாப்ளைக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிமெண்ட் தரையில் பழைய ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு எண்ணெய்க் கறை, பக்கத்தில் சின்னதாக இன்னொன்று, ஓரத்தில் உன் கால் கட்டைவிரல். கூடவே குரல் செய்தி. "மச்சான், வண்டி வாங்கி முழுசா இருபது நாள் ஆகல. கியர்பாக்ஸ் ஒழுகுது, இறக்கணும்ங்கிறாரு மெக்கானிக். பதினெட்டாயிரம் ஆகுமாம்."

சிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. எட்டு வருஷத்துக்கு முன்னால் என் வண்டிக்கும் இதே பேச்சுதான் நடந்தது, தொகை மட்டும் வேறு. தொண்டியிலிருந்து ஏர்வாடி வரைக்கும் பழைய மாருதி 800-ஐ வைத்துக்கொண்டு தரையைக் குனிந்து பார்ப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அதனால் உனக்கு எழுதுவதைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. வண்டி கீழக்கரையில் எவ்வளவு நாள் நின்றது? முதலாளி துபாயில் இருக்கிறார், தகரக் கொட்டகையில் இரண்டு வருஷம் நின்றது, ஓட்டமே கம்மி என்று பெருமையாகச் சொன்னாயே, வினை அங்கேதான். 800 வருவது நின்றே 2014 ஜனவரியோடு சரி. உன்னுடையது அதற்கும் பத்து வருஷம் மூத்தது. எண்ணெய் வெளியே கசியாமல் தடுக்கிற ஆயில் சீல் என்பது உள்ளே ஒரு மெல்லிய ஸ்பிரிங் சுற்றிய ரப்பர் வளையம். அதன் உதடு நடுவில் சுற்றுகிற தண்டை, அதாவது ஷாஃப்டைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும், எண்ணெயில் நனைந்துகொண்டே இருக்க வேண்டும். வண்டி ஓடினால் எண்ணெய் தெறித்து நனையும். நின்றால் உதடு காய்ந்து விறைத்துப்போகும். அதோடு விட்டால் பரவாயில்லை, நம் பக்கம் உப்புக்காற்று வேறு. உதடு தொடுகிற இடத்துக்கு வெளிப்புறமாக ஷாஃப்டில் துரு பிடித்து அம்மைத்தழும்பு மாதிரி குழி விழும். அதன்மேல் புது சீல் போட்டாலும் உப்புத்தாளால் தேய்த்ததுபோல் ஆகிவிடும்.

சரி, பயத்தை முதலில் கொஞ்சம் குறைக்கிறேன். ஏறக்குறைய இருபது சொட்டு சேர்ந்தால்தான் ஒரு மில்லி. ராத்திரிக்குப் பத்துச் சொட்டு என்றாலும் மாதத்துக்குப் பதினைந்து மில்லிதான் ஆகிறது. கியர்பாக்ஸில் சுமார் இரண்டு லிட்டர் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கை நம்பி ஒரேயடியாகத் தூங்கிவிடாதே. நிற்கும்போது சொட்டுகிற எண்ணெய், ஓடும்போது சூடாகி இளகி, கியர் சுற்றிச் சுற்றி வாரி இறைக்கும்போது இன்னும் வேகமாகக் கசியும். அது தரையில் விழாது, ரோட்டில் போகும், நம் கண்ணில் படாது. எஞ்சின் ஆயில் ரொம்பக் குறைந்து அழுத்தம் விழுந்தால் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். கியர்பாக்ஸுக்கு அப்படி ஒரு விளக்கே கிடையாது. ஊளைச் சத்தம் கேட்கும்போது பேரிங் போயிருக்கும்.

ஆகவே இன்றைக்கே செய்ய வேண்டியது அளவு பார்ப்பது. வண்டி சமதரையில் இருக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுப் பார்த்தால் பொய்க்கணக்கு வரும். கியர்பாக்ஸின் பக்கவாட்டில் லெவல் போல்ட் இருக்கும். கழற்றினால் எண்ணெய் லேசாக வழிய வேண்டும், அல்லது துளையின் கீழ் விளிம்போடு நிற்க வேண்டும். வழியவில்லை என்றால் சுண்டுவிரலைக் கொக்கி மாதிரி வளைத்து உள்ளே விடு. நகம்கூட நனையவில்லையா, வண்டியை எடுக்காதே.

அடுத்தது மூக்குக்கு வேலை. கீழே விழுந்ததைத் தொட்டு முகர்ந்து பார். கியர் ஆயில் கெட்டியாக இருக்கும், கந்தக வாடை அடிக்கும், தீப்பெட்டியும் பூண்டும் கலந்ததுபோல. ஒரு தடவை கையில் பட்டால் சாப்பிடும்போதும் விடாது. எஞ்சின் ஆயிலுக்கு அந்த வாடை இல்லை, கருகல் வாடைதான். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் கீழே ஒழுகினால் இரண்டில் எது என்பதை வாடைதான் சொல்லும். எஞ்சின் பின்பக்க சீல் போயிருக்கும்போது கியர்பாக்ஸ் மேல் பழி போட்டு அதைப் பிரித்துப் போட்ட கதை எனக்குத் தெரியும்.

எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு பெரிய அட்டைப்பெட்டியும் முகப்பவுடர் டப்பாவும் போதும். மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்துக் கியர்பாக்ஸ் முழுவதையும் துடை. நன்றாகக் காய்ந்த பிறகு பவுடரைத் தூவு. உச்சிப்புளி வரைக்கும் ஓட்டிவிட்டு வந்து, அட்டையை விரித்துக் கீழே படுத்துப் பார். ஈரம் பட்ட இடத்தில் பவுடர் பழுப்பாகிக் கோடு இழுத்திருக்கும். சொட்டுகிற இடத்தைப் பார்க்காதே. காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளும், அப்புறம் அது கீழே இறங்கும். ஈரத்தின் ஆக மேலான, ஆக முன்னால் இருக்கிற முனை எதுவோ அதுதான் ஊற்றுக்கண். சக்கரத்தைச் சுற்றுகிற டிரைவ் ஷாஃப்ட் நுழையும் இடமாக இருக்கலாம், அடியில் எண்ணெய் வடிக்கிற டிரெய்ன் போல்ட் வாஷராக இருக்கலாம், ரிவர்ஸ் லைட் சுவிட்சாகவோ, ஸ்பீடோமீட்டர் கேபிள் இறங்கும் இடமாகவோ, கியர் ராடு நுழையும் சீலாகவோ இருக்கலாம். இவற்றில் எதற்கும் கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை.

இனி என் கதை. நான் இரண்டு தடவை டிரைவ் ஷாஃப்ட் சீல் மாற்றினேன். முதல் தடவை மூன்று வாரம் தாங்கியது. இரண்டாவது, அதே பட்டறையில் நான்கு வாரம். மூன்றாம் முறை போனபோது பதில் தயாராக இருந்தது. "கேஸே தேய்ஞ்சிருச்சு சார், வேற கியர்பாக்ஸ் பாத்துருவோம்." பழைய சாமான் கடையில் ஒன்று பேசியும் வைத்துவிட்டார்கள். அது மே மாதம், மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான் கிடக்கும், மண்டபத்தில் போட் எஞ்சின் பார்க்கிறவர்களுக்கு அப்போதுதான் கை நிறைய வேலை. அப்படி ஒரு அண்ணன் டீக்கடையில் என் புலம்பலைக் கேட்டுவிட்டு வண்டியருகே வந்தார். சீலைப் பார்க்கவே இல்லை. பானட்டைத் திறந்து மேலிருந்து கையை விட்டுத் தடவினார்.

"தம்பி, இது மூச்சு விடுதா?"

எனக்கு விளங்கவில்லை. கியர்பாக்ஸின் மேல்பக்கம் சின்னதாக ஒரு காற்றுக்குழாய் இருக்கிறது, பிரீதர் என்பார்கள். அவர் அதன் வாயில் ஒரு கம்பியை விட்டு நெம்பினார். குளவி கட்டிய மண், சுட்ட செங்கல் மாதிரி இறுகிப்போய், துண்டு துண்டாக உதிர்ந்தது. உள்ளே காய்ந்துபோன புழுக்கூடுகூட இருந்தது. என் வண்டியும் வாங்குவதற்கு முன்னால் ஒன்றரை வருஷம் நின்ற வண்டிதான்.

சங்கதி இதுதான். எண்ணெய் சூடாகும்போது உள்ளே இருக்கிற காற்றும் விரியும். அது வெளியே போக அந்தக் குழாய்தான் வழி. வழியை அடைத்துவிட்டால், மூடி போட்ட குழம்புச்சட்டி ஓரத்தில் பொங்கி வழிவதுபோல, சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு எண்ணெய் வெளியே வரும். எத்தனை புதுச் சீல் போட்டாலும் வரும். வண்டி நின்று ஆறும்போது நேர்மாறாக நடக்கும், வெளியிலிருந்து ஈரத்தை உள்ளே இழுக்கும். அடைப்பு எடுத்து, மூன்றாவதாக ஒரு சீல் போட்டது தான் இன்றைக்கும் கிடக்கிறது. பட்டறைக்காரர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சீலைப் பார்த்தார், ஒழுகியது, மாற்றினார். ஏன் ஒழுகியது என்று மட்டும் கேட்கவில்லை.

உன்னுடைய வண்டியில் முதலில் அந்தக் குழாயைத் தேடு. ஊதிப் பார்த்தால் காற்று போக வேண்டும்.

டிரைவ் ஷாஃப்ட் சீல்தான் என்று உறுதியானால், வேலை அரை நாள்தான். சக்கரத்து ஹப் நட்டை வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்திக்கொள்ளச் சொல். பந்து மூட்டைப் பிரித்து, ஷாஃப்டை லிவர் போட்டு நெம்பி எடுப்பார்கள். பழைய சீலைக் கையோடு கடைக்குக் கொண்டுபோ, இரண்டு பக்கமும் ஒரே அளவு என்று நம்பி வாங்காதே. புதியதைச் சுத்தியலால் ஒரு ஓரத்தில் தட்டி ஏற்றினால் கோணிக்கொண்டு போகும். அதே விட்டத்தில் ஒரு குழாய்த்துண்டோ பெரிய சாக்கெட்டோ வைத்து நேராகத் தட்ட வேண்டும், உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவிவிட்டு. நீ பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான். ஷாஃப்டை வெளியே எடுத்ததும் சீல் உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பார். நகம் தட்டினால் குழி இருக்கிறது. ரொம்ப நைஸான எமரித் தாளால் சுற்றுவட்டமாகத் தேய்த்து எடுக்க முடிந்தால் எடுக்கலாம், முடியாவிட்டால் அந்த ஷாஃப்டைத்தான் மாற்ற வேண்டும், சீலை மட்டும் மாற்றி ஒன்றுமில்லை.

எண்ணெயை வடிக்கும் முன் ஒன்று. முதலில் லெவல் போல்ட் திறக்கிறதா என்று பார், அப்புறம்தான் கீழே உள்ள டிரெய்ன் போல்டைத் தொட வேண்டும். நான் நேர்மாறாகச் செய்தேன். எண்ணெய் முழுவதும் பாத்திரத்தில், மேலே எண்ணெய் ஊற்றுகிற அந்த லெவல் போல்ட் அசையவே இல்லை. கேஸ் அலுமினியம், போல்ட் இரும்பு, நடுவில் உப்புக்காற்று. மரையைச் சுற்றி வெள்ளைப்பொடி பூத்து ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டுவிட்டது. ஸ்பேனர் வழுக்கித் தலையும் உருண்டுவிட்டது. கடைசியில் ஸ்பீடோமீட்டர் கேபிள் இறங்கும் துளையில் புனல் வைத்து, அளந்து அளந்து ஊற்றினோம். சாயங்காலம் ஆகிவிட்டது. டிரெய்ன் போல்டுக்குப் புது வாஷர் போடு, பலம் காட்டி இறுக்காதே, அலுமினிய மரை உரிந்துவிடும். அதன் நுனிக் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் பரவாயில்லை, இயல்பான தேய்மானம்தான். ஊசி மாதிரியோ சில்லு மாதிரியோ ஏதாவது இருந்தால் அப்போது எனக்குப் போன் செய். எண்ணெய் டீயில் பால் விட்டதுபோல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. விற்றவர் தனுஷ்கோடி அரிச்சல்முனைப் பக்கம் மணலில், அலையில் இறக்கி விளையாடினாரா என்று கேட்டுப் பார்.

புது எண்ணெய்க்கு டப்பாவில் தரம் ஜிஎல்-4 என்று இருப்பதைத் தேடு, கெட்டித்தன்மை 75டபிள்யூ-90 அல்லது 80டபிள்யூ-90. ஜிஎல்-5 இன்னும் உசத்தி என்று கடையில் தள்ளுவார்கள். அதில் கூடுதலாக இருக்கிற கந்தகச் சரக்கு, கியர் மாறும்போது உதவுகிற பித்தளை வளையங்களுக்கு ஆகாது. ஒழுகலை அடைக்கும் மருந்து என்று ஒரு சின்னப் பாட்டிலும் வரும். அது ரப்பரை உப்ப வைத்துக் கொஞ்ச நாள் ஏமாற்றும். வண்டியை விற்கப்போகிறவனுக்கு அது உதவும், வாங்கி இருபது நாள் ஆனவனுக்கு எதற்கு?

கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும் என்கிற நிலை ஒன்று உண்டு. கிளட்ச் இருக்கிற கூண்டின் அடியில் கந்தக வாடையோடு ஒழுகினால் உள்ளே, எஞ்சினின் சுற்றலைக் கியர்பாக்ஸுக்குக் கொண்டுவரும் இன்புட் ஷாஃப்டின் சீல் போயிருக்கிறது. எண்ணெய் கிளட்ச் பிளேட்டில் பட்டால் வழுக்க ஆரம்பிக்கும். அதைச் சோதிக்க மேடு வேண்டும். நம் மாவட்டத்தில் மேடு என்றால் பாம்பன் ரோட்டுப் பாலம்தான். நாலாம் கியரில் பாலத்தில் ஏறும்போது ஆக்சிலேட்டரை அமுக்கு. எஞ்சின் இரைச்சல் ஏறி வண்டி ஏறாவிட்டால் வழுக்குகிறது. (பாலத்தில் நிறுத்திக் கப்பல் பார்ப்பவர்கள் மேல் ஏற்றிவிடாதே.) அப்படி இறக்குவதென்றால் கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், எஞ்சின் பின் சீல் எல்லாவற்றையும் அதே கையோடு பார்த்துவிடு. கூலி ஒன்றுதான்.

வண்டியின் அடியை அவ்வப்போது நல்ல தண்ணீரில் கழுவு என்று சொல்வார்கள். குடிக்கத் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைக்கிற ஊரில் யாரிடம் போய்ச் சொல்ல! போர் தண்ணீரில் மட்டும் கழுவாதே, அதுவே உப்பு. மழை பெய்யும்போது வெளியே எடுத்து ஒரு சுற்றுச் சுற்று, அதுவே போதும். வடித்த பழைய எண்ணெயைக் கேனில் வை, மண்ணில் ஊற்றாதே. கடற்கரைக்காரன் வீட்டில் தடவுவதற்கு இரும்புக்கா பஞ்சம்.

பதினெட்டாயிரத்துக்கு இன்னும் சரி சொல்லவில்லைதானே? ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை இங்கே கொண்டு வா. லெவலைப் பார்த்துவிட்டு மெதுவாக ஓட்டி வா. அட்டைப்பெட்டி என்னிடம் இருக்கிறது, பவுடர் மட்டும் உன் வீட்டிலிருந்து எடுத்து வா. போன தடவை உன் அக்கா டப்பாவைக் காலி செய்துவிட்டேன், இன்னும் பேச்சு ஓயவில்லை.

அன்புடன்,
மண்டபத்து மச்சான்