எல்கேஜி பாடத்தை எல்கேஜி ஆசிரியையே திட்டமிடட்டும்

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கும் முதல்வர் அவர்களுக்கும்,

வணக்கம். போன வியாழக்கிழமை என் வகுப்பில் நடந்ததும், அதற்காக எனக்கு வந்த மெமோவும் உங்களுக்குத் தெரியும். விளக்கக் கடிதத்தை அன்றே கொடுத்துவிட்டேன். அந்தத் தாளில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்ற மழலையர் ஆசிரியைகளும் படிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

அச்சடித்து வந்த திட்டப்படி அது 'குளிர்கால' வாரம். பனி மனிதன், கம்பளித் தொப்பி, கையுறை. நம் திருநெல்வேலிப் பிள்ளைகளுக்கு டிசம்பர் என்றால் அடைமழை. அன்றும் விடியும்வரை கொட்டித் தீர்த்திருந்தது. ஒரு பையன் கொய்யா இலையில் நத்தை ஒன்றை ஏந்திக்கொண்டு வந்தான். 28 பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். பனி மனிதன் படத்தை எடுத்து வைத்துவிட்டேன். நத்தை தரையில் ஒரு டைல்ஸ் கல்லைக் கடக்கும்வரை எல்லோரும் சேர்ந்து எண்ணினோம். மழையில் இன்னும் என்னென்ன வெளியே வரும் என்று பேசினோம். ஜூனில் சேர்ந்ததிலிருந்து வகுப்பில் வாயே திறக்காத ஒரு பிள்ளை, "மிஸ், அது வீட்டைத் தூக்கிட்டே போவுது" என்றாள்.

அன்று மாலை என் பாடக்குறிப்பேட்டில் சிவப்பு மையில் 'திட்டத்தில் இல்லாத செயல்பாடு' என்று எழுதியிருந்தது. அந்தப் பிள்ளை பேசியதை எழுத அதில் கட்டம் இல்லை.

அந்தக் குறிப்பேட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அச்சில் இருப்பதை வரி மாறாமல் நாங்கள் கையால் எழுத வேண்டும். நோக்கம், கருவி, செயல்பாடு, மதிப்பீடு, நிமிடம். ஒரு நாளைக்கு ஐந்து பாடவேளை, வாரத்துக்கு ஐந்து நாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்தால் ராத்திரி பத்து மணி ஆகிவிடுகிறது. அவ்வளவு எழுதியும் திங்கள்கிழமைக்கு ஒரு களிமண் உருண்டைகூடத் தயார் செய்திருக்க மாட்டேன். பெரிய வகுப்பு ஆசிரியர்களுக்கு ஓய்வு வேளை உண்டு. எங்களுக்கு அதுவும் கிடையாது. ஆயா ஒரு பிள்ளையைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போனால், அழுகிற இன்னொரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் பாடம்.

நான் கேட்பது ஒன்றுதான். என் வகுப்புக்கான பாடத்தை நானே திட்டமிட அனுமதி கொடுங்கள். அதற்கு வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

நம் பள்ளிப் பலகையில் 'மாண்டிசோரி முறை' என்று எழுதியிருக்கிறது. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், அந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அம்மையார். குழந்தையைக் கவனித்த பிறகுதான் அதற்கு என்ன தேவை என்று முடிவு செய்ய வேண்டும் என்பது அவர் வழி. எங்கோ உட்கார்ந்து அச்சடிப்பவர் என் வகுப்புப் பிள்ளைகளை எப்படிக் கவனிக்க முடியும்? 2022இல் வந்த தேசியக் கலைத்திட்டமும் இந்த வயதுக்கு விளையாட்டு வழியைத்தான் சொல்கிறது. மூன்று முதல் ஆறு வயதுவரை தேர்வே கூடாது என்கிறது. நாம் மாதத் தேர்வு வைக்கிறோம். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கே வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் சொன்னது. நாம் பென்சில் பிடிக்க விரல் வலுக்காத பிள்ளைக்கு நாலு கோடு நோட்டில் தினம் இரண்டு பக்கம் கொடுக்கிறோம். பெற்றோர் கேட்கிறார்கள் என்பது உண்மைதான். அவர்களை உட்கார வைத்து எடுத்துச் சொல்ல வேண்டியது நாம்தானே?

கோபத்தில் பேச்சு எங்கோ போய்விட்டது. மன்னியுங்கள். தேர்வையும் வீட்டுப்பாடத்தையும் பிறகு பேசலாம். இப்போதைக்குத் திட்டமிடுவதை மட்டும் எங்களிடம் விடுங்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லவில்லை. அச்சுத் திட்டத்தில் பொங்கல் வாரத்துக்கு விமானமும் கப்பலும் போட்டிருக்கிறார்கள். அந்த ஒரு வாரத்தை எனக்குக் கொடுத்துப் பாருங்கள். கரும்பு, மஞ்சள் கொத்து, பனங்கிழங்கு மூன்றையும் வகுப்புக்குக் கொண்டுவந்து, தொட்டு, மோந்து, எண்ணி, கதை பேசுவதாக ஐந்து நாளுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை உங்கள் மேசையில் வைக்கிறேன். தயவுசெய்து படித்துவிட்டு அனுமதி கொடுங்கள்.

பணிவுடன்,
உங்கள் பள்ளியின் எல்கேஜி வகுப்பாசிரியை