பற்றை வேறு, குப்பை வேறு

ஆசிரியர் அவர்கட்கு,

மாரி தொடங்கப்போகிறது. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஆளில்லாத வளவுகளுக்கு இனிப் பற்றை வழிக்கும் பெக்கோ இயந்திரம் வரும். காணியைத் துப்புரவு செய்யச் சொல்லும் டெங்கு அறிவித்தல் கிடைத்த கையோடு கனடாவிலும் இலண்டனிலும் இருக்கிற சொந்தக்காரர் காசு அனுப்புவார்கள். காணி பார்ப்பவர் இயந்திரத்தை வாடகைக்குப் பிடிப்பார். பின்னேரத்துக்குள் வளவு வெட்டவெளி. ஏழாலையில் அண்ணாவின் ஆறு பரப்புக் காணியைப் பார்த்துக்கொள்பவள் என்ற முறையில் எனக்கும் இதில் சொல்ல இருக்கிறது.

டெங்கு நுளம்புக்கு வேண்டியது தேங்கி நிற்கும் நல்ல தண்ணீர். சிரட்டை, யோகட் கோப்பை, பழைய டயர், மூடாத தொட்டி, அடைபட்ட கூரைப் பீலி, இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மரப்பொந்திலும் தண்ணீர் நிற்கும்தான். மண்ணைப் போட்டு அடைத்தால் சரி. பெக்கோக்காரர் பற்றையை வழித்துக் குவிக்கும்போது இந்தச் சிரட்டையும் கோப்பையும் அந்தக் குவியலுக்குள்ளேயே கிடக்கின்றன. மழை பெய்ததும் அவற்றில் தண்ணீர் நிற்கிறது. அப்புறம் என்ன துப்புரவு?

பக்கத்து வளவை இப்படித்தான் வழித்தார்கள். நொச்சியும் காரையும் போயின, கிணற்றடி நாவலும் போயிற்று. வரிசையாய் நின்ற பனை வடலிகளும் போயின. வடலி வளர்ந்து பாளை விடப் பதினைந்து இருபது வருடம் செல்லும் என்பது அந்த இயந்திரத்துக்குத் தெரியுமா? மழைக்குப் பிறகு அந்த வெறுஞ் செம்மண்ணில் முதலில் முளைத்தது பார்த்தீனியம். கிளறிய மண்தான் அதற்குக் கொண்டாட்டம். இப்போது முழங்கால் உயரத்துக்கு வெள்ளைப் பூவோடு நிற்கிறது. தொட்டால் சொறி, மூச்சு இழுப்புக்காரருக்கு இன்னும் கெடுதி.

எங்கள் வளவில் முன்பக்கத்தைக் கூட்டி, பின் இரண்டு பரப்பை விட்டிருக்கிறேன். பார்த்தீனியம் தலைகாட்டினால் பூக்க முன்னம் கையுறை போட்டுப் பிடுங்குவேன். மற்றதெல்லாம் தன்பாட்டில் வளர்கிறது. காலையில் செண்பகப் பறவை பற்றைக்கடியில் நடந்து நடந்து நத்தை தேடும். ஓட்டுக்குள் அலகை விட்டுச் சதையை இழுத்தெடுக்கிற பொறுமையைப் பார்க்க வேண்டும். பின்னால் தோட்டம் செய்கிறவருக்கு நத்தைத் தொல்லை கொஞ்சம் குறைவு என்றால் அதில் இவருக்கும் பங்கு உண்டு. எலிக்குச் சாரைப்பாம்பு இருக்கிறது. (பாம்பு என்றதும் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு ஓடி வருகிற அயலவருக்கு இதை எத்தனை தரம் சொல்வது!) பனைகளில் காவோலையையும் நான் வெட்டுவிப்பதில்லை. உழவாரக்குருவி இறகுகளை எச்சிலால் ஓலையின் அடிப்புறத்தில் ஒட்டித்தான் கூடு கட்டும். ஓலையை எல்லாம் கழித்து மொட்டையாக்கினால் அது எங்கே போகும்?

வட்சப்பில் படம் பார்த்துவிட்டு அண்ணா, "என்ன பிள்ளை, காணியைக் காடாக்கி வச்சிருக்கிறாய்?" என்றார். "முன்பக்கம் கூட்டித்தானே கிடக்கு அண்ணா, பின்னுக்கு ஆர் வந்து பார்க்கிறது?" என்றேன். அவர் மதில் கட்டக் காசு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். அதுவும் வேண்டாமென்று விட்டேன். வேலிக்குள்ளால் கீரி போகும், தவளை போகும், மழைவெள்ளமும் போகும். மதில் இது எல்லாவற்றையும் மறிக்கும். கட்டியே தீரவேண்டும் என்பவர்கள் அடியில் அங்கங்கே ஒரு சாண் இடைவெளியாவது விடட்டும்.

சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமானது, 2015இல் தேசிய பூங்காவுமானது. நல்ல விடயம். ஆனால் வலிகாமத்தில் அப்படி ஒதுக்கக் காடு எங்கே இருக்கிறது? இங்கே செண்பகத்துக்கும் உடும்புக்கும் மிஞ்சியிருப்பது எங்கள் உறுதிக்காணிகளின் பின்மூலைதான். வற்றாத ஆறு இல்லாத குடாநாட்டில் கிணறுகளும் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற மழையை நம்பித்தான் இருக்கின்றன. அது இறங்குவதற்கும் வேரோடிய மண் வேண்டும்.

ஆகவே அறிவித்தல் அனுப்புகிறவர்களிடம் ஒரு கேள்வி. "காணியைத் துப்புரவு செய்க" என்று மொட்டையாக எழுதாமல், தண்ணீர் தேங்கும் பொருட்களை அகற்றுக, வீட்டையும் தெருவையும் ஒட்டிய பற்றையை வெட்டுக, மற்றதை விடலாம் என்று எழுதினால் என்ன? வெளிநாட்டில் இருப்பவர்களும் காசு அனுப்பும்போது பெக்கோவுக்கென்று அனுப்பாமல் இரண்டு கூலியாளுக்கு அனுப்புங்கள். கத்தியோடு வருகிறவரிடம் எதை விடவேண்டும் என்று காட்டலாம்.

முதல் மழையோடு எங்கள் வேலியில் பூவரசும் கிளுவையும் வெட்டுவோம். வேலிக்கு நடக் கதியால் வேண்டிய அயலூரவர் வந்து எடுத்துப் போகலாம், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஏழாலை.